குழிக்கு விசில், கரைக்குத் தண்டவாளம்

விழுப்புரம்
24-2-1942, செவ்வாய்

தம்பி ராயப்பனுக்கு, உன் அக்கா சவுரியம்மாள் எழுதுவது.

உனக்குப் புத்தி இருக்கிறதா? இல்லை, நீ வேலை பார்க்கிற கடலை எண்ணெய் மில் பாய்லரில் மல்லாட்டைத் தோலோடு சேர்த்து அதையும் அள்ளிப் போட்டுவிட்டாயா?

நேற்று காலை பத்தரை மணிக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் முதல் டிரில். ஜப்பான்காரன் விமானம் வந்தால் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்று பழக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. விழுப்புரம் ஜங்ஷன் ஆயிற்றே, குண்டு விழுந்தால் முதலில் இங்கேதான் என்று சிங்கப்பூர் விழுந்த நாளிலிருந்து ஊர் முழுக்க இதே பேச்சு. பத்து நாள் பாடுபட்டு, நானும் விருத்தாசலம் வாத்தியாரும் ஆள் பிடித்து, பள்ளிக்கூடக் கொட்டகைக்குப் பக்கத்தில் இடுப்பு ஆழத்துக்குக் குழி வெட்ட வைத்தோம். விசில் ஊதினால் வரிசையாக ஓடிக் குழியில் இறங்க வேண்டும். குப்புறப் படுத்துக் காதைப் பொத்தி, துணி உருண்டையைப் பல்லில் கடிக்க வேண்டும். பிள்ளைகள் அழகாகத்தான் இறங்கினார்கள். நாலாம் வகுப்புப் பையன்கள் மட்டும் துணிக்குப் பதில் வறுத்த மல்லாட்டையைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

விசில் சத்தம் தெருவுக்குக் கேட்டது பார், அப்போது பிடித்தது சனியன். நம் தெரு கோவிந்தம்மாள் கையெல்லாம் கேப்பை மாவோடு ஓடி வந்தாள். அவள் பின்னாலேயே நாற்பது பொம்பளைகள். ஆளுக்கு ஒரு பிள்ளையைக் குழியிலிருந்து பிடுங்குகிறார்கள், எந்தப் பிள்ளை யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை. உள்ளே வருகிறவர்களும் வெளியே ஓடுகிறவர்களும் கேட்டில் முட்டிக்கொண்டு, ஒரு பையனுக்கு முழங்கை பிசகிவிட்டது. குண்டு போட வந்தவன் மேலிருந்து பார்த்திருந்தால் சிரித்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பான்.

எல்லாரையும் அதட்டி உட்கார வைத்து எண்ணினேன். பதிவேட்டில் நூற்றுப் பன்னிரண்டு. தலை நூற்றுப் பதினொன்று. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பொன்னி என்றேன், ‘உள்ளேன்’ வரவில்லை.

என் தம்பி பெண்ணடா! தாயில்லாப் பிள்ளை என்று என் கையில் நம்பிக் கொடுத்தாயே, அந்தப் பிள்ளை! குழி மண் சரிந்து மூடியிருக்குமோ என்று கையாலேயே தோண்டினேன். நகம் பேர்ந்துவிட்டது. கிணற்றில் ஆளை இறக்கினோம். ஏரியில் தேடினோம். சாயங்காலம் நாலரை மணிக்கு ஸ்டேஷன் போர்ட்டர் முத்துசாமி வந்து, “உங்க தம்பி பாப்பாவைத் தோள்ல போட்டுக்கினு மத்தியான பாசஞ்சர்ல ஏறினாரே, தெரியாதா?” என்கிறான்.

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? வாய் எங்கே போயிற்று?

பிள்ளையை இந்த வாரமே கொண்டுவந்து விடு. மார்ச் கடைசியில் பரீட்சை.

சவுரியம்மாள்


திண்டிவனம்
27-2-42

அக்காவுக்கு ராயப்பன் எழுதுறது.

கடுதாசி வந்துச்சி. படிச்சேன். பொன்னியும் எட்டிப் பாத்துப் படிச்சிட்டு ஒரே அழுகை. அத்தைக்கு நகம் பேந்துச்சாம், அது என்னாலதானாம். ரெண்டு நாளா எங்கிட்ட பேச மாட்டேன்னுது.

நீ கேட்டுட்ட, நானும் கேக்கறேன். டிரில் டிரில்னு எழுதியிருக்கியே, அது டிரில்னு எனக்கு யாரு சொன்னாங்க? மில்லுக்கு லீவுன்னு உன்னைப் பாக்க ஒரு மூட்டை மல்லாட்டையைத் தூக்கிக்கினு வந்தேன். ஏரிக்கரை திரும்புறேன், விசில் ஊதுது. புள்ளைங்க குழியில விழுதுங்க. பொம்பளைங்க தலைவிரி கோலமா அலறிக்கினு ஓடுறாங்க. நான் இன்னா நெனைப்பேன்? ஆகாசத்தைப் பாத்தேன், ஒண்ணும் காணோம். ஆனா நிக்க நேரமில்ல. பொன்னி ஓரமாப் படுத்திருந்துச்சி. தூக்கினேன், ஓடினேன், அவ்ளோதான். மல்லாட்டை மூட்டை எங்க விழுந்துச்சின்னே தெரியல. உன் நாலாங்கிளாஸ் பசங்க தின்னாங்களே, அது நம்ம மூட்டையா இருந்தாலும் இருக்கும்.

வண்டி ஏறினப்புறம்தான் மூச்சு வந்துச்சி. அது டிரில்லுன்னு புள்ளை சொல்லித்தான் தெரிஞ்சுது. உனக்கு ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கணும். சொல்லல. வெக்கமாப் போச்சி. தப்புதான், ஒத்துக்கறேன்.

ஆனா உன்னையும் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சிக்காத. நான் பதினாலு வருசமா நெருப்போட பொழைக்கிறவன். உன் பள்ளிக்கூடம் இன்னா? தென்னங்கீத்துக் கொட்டகை. அதுக்கு அந்தாண்ட பக்கத்து வீட்டு வைக்கோல் போர். நடுவுல உன் குழி. குண்டுக்குக் குழி சரி. கொட்டகை பத்திக்கிச்சின்னா? உன் புள்ளைங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, சத்தம் கேட்டா குழியில எறங்கறது. எரியற கூரைக்குக் கீழ வரிசையாப் போய்ப் படுத்துக்குமே, அதை யோசிச்சியா?

பொன்னி இங்கியே இருக்கட்டும். பரீட்சை போனா போவுது. அவ அம்மாவை வாரிக் குடுத்துட்டு நிக்கிறேன். மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்.

ராயப்பன்


விழுப்புரம்
8-3-1942

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடத்தான் தோன்றியது. எனக்கே பாடம் சொல்ல வந்துவிட்டான் என்று. மறுநாள் காலையில் குழிக்கும் வைக்கோல் போருக்கும் நடுவில் போய் நின்று பார்த்தேன். நீ சொன்னது சரி. இதை எழுதவே எனக்குக் கசக்கிறது, ஆனாலும் சரி.

இன்னொன்றும் சரி. தாய் தகப்பனுக்கு நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் பழக்கினால் போதும் என்று இருந்துவிட்டேன். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து எல்லாக் குடும்பத்தையும் ஏரிக்கரை ஆலமரத்தடிக்கு வரச் சொன்னேன். யார் வருவார்கள் என்று நினைத்தேன், இருநூறு பேர்! கோவில் தெருக்காரர்களும் வந்தார்கள். கேள், என்னென்ன ஆயிற்று என்று.

முதல் தீர்மானம், ரெண்டு சத்தம். விசில் ஊதினால் விமானம், குழிக்குப் போக வேண்டும். மரத்தில் கட்டியிருக்கிற தண்டவாளத் துண்டை விடாமல் அடித்தால் நெருப்பு, குழிப் பக்கமே தலை வைக்காமல் எதிர்ப்பக்க வாசல் வழியாக ஏரிக்கரைக்கு ஓட வேண்டும். வீட்டில் இருக்கிறவர்களும் இந்த ரெண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரெண்டாவது, எந்தச் சத்தம் கேட்டாலும் யாரும் பள்ளிக்கூட வாசலுக்கு வரக் கூடாது. ஆலமரத்தடியில் நிற்க வேண்டும். நாங்கள் பேர் கூப்பிட்டுப் பிள்ளையைக் கையில் கொடுப்போம். இதற்குத்தான் பெரிய ரகளை. “பெத்தவ வயிறு கேக்குமா, டீச்சர்?” என்று கோவிந்தம்மாள் எழுந்தாள். “அன்றைக்கு முழங்கை பிசகின பையன் யாருடையவன்?” என்றேன். அவளுடையவன்தான். உட்கார்ந்துவிட்டாள். இப்போது மற்றவர்களை அதட்டுகிறதே அவள்தான்.

மூன்றாவது, ஒவ்வொரு பிள்ளையின் சட்டை உள்பக்கத்திலும் ஒரு துணித் துண்டு தைத்திருக்கிறோம். பிள்ளை பேர், அப்பன் பேர், தெரு, யார் வந்தால் அனுப்பலாம் என்று மார்க்கிங் மையில் எழுதியது. அதோடு வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர், ஒரு நனைந்த சாக்கு தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுகிறது. வைக்கோல்காரரிடம் போரைத் தள்ளிப் போடச் சொன்னோம். கோடை கழியட்டும் என்கிறார். கெஞ்சிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு கூத்து கேள். கோவில் தெரு வெங்கடாசலம், தன் ரெண்டு பிள்ளைகளுக்குத் தனிக் குழி வேண்டும் என்றார். நம் சாதிப் பிள்ளைகளோடு ஒரே குழியில் படுக்கக் கூடாதாம். “தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள், மண்வெட்டி அதோ இருக்கிறது” என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால் ஆழம் வருவதற்குள் கையெல்லாம் கொப்புளம். பன்னிரண்டு மணிக்கு மண்வெட்டியைச் சாத்திவிட்டு, “இருக்கிறதே போதும் டீச்சர்” என்று போய்விட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உன்னிடம் ஒரு உதவி. எரியும் கீற்றை இழுத்துப் போட நீளக் கொக்கி வேண்டும். உங்கள் மில்லில் செய்து தருவார்களா?

பொன்னியை அனுப்பு. அவள் இல்லாமல் இந்த வீடு வீடாக இல்லை.

சவுரியம்மாள்


திண்டிவனம்
15-3-42

அக்காவுக்கு,

ரெண்டு கொக்கி செஞ்சி, ரயில் கார்டு ஐயா கிட்ட சொல்லி பிரேக் வேன்ல போட்டு அனுப்பிச்சிருக்கேன். பன்னெண்டு அடி மூங்கில் போட்டுக்க. கீத்தை மேலேர்ந்து இழுக்கக் கூடாது, ஓரத்துல மாட்டி கீழ்ப்பக்கமா இழுக்கணும், காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்கு எதிர்ப்பக்கம் நின்னுக்கினு. நனைஞ்ச சாக்கு மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும், பத்து மணிக்கு ஒருவாட்டி, ரெண்டு மணிக்கு ஒருவாட்டி தண்ணி ஊத்தச் சொல்லு. வெறும் குடம் வெச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாது, மணலும் வேணும்.

வெங்கடாசலம் சேதியைப் படிச்சிட்டு மில்லுல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். சத்தமா ரெண்டு வாட்டி படிச்சிக் காட்டினேன்.

உன் மருமவ பண்ற பேஜாரைக் கேளு. மில் தெருப் புள்ளைங்களை எல்லாம் வரிசையா நிக்க வெச்சி எண்ணுது. நேத்து சோறு தின்னப் போன ஒரு பொடிசு சொல்லாம போயிடுச்சாம், வீடு தேடிப் போய் அதும் அம்மாகிட்ட சண்டை. அந்தம்மா எங்கிட்ட வந்து, “இன்னாண்ணே உம் பொண்ணு போலீசு மாதிரி வருது”ங்குது. நான் இன்னா சொல்றது? உன்னை மாதிரியே பேசுது, உன்னை மாதிரியே இடுப்புல கை வெச்சிக்குது.

அனுப்பறதுக்கு மட்டும் மனசு வரல. ஈஸ்டர் கழியட்டும், பாப்போம்.

ராயப்பன்


திண்டிவனம்
11-4-42, சனி

அக்கா,

விசாகப்பட்டணத்துல குண்டு போட்டுட்டானாம், உனக்கும் சேதி வந்திருக்கும். மெட்ராசே காலியாவுது. மூணு நாளா ஒவ்வொரு வண்டியும் திருவிழா வண்டிதான். கூரை மேல ஆளுங்க. பொட்டி, படுக்கை, தையல் மிஷின், கூண்டோட கிளி, எல்லாம் எறங்குது. எங்க மில் கொட்டாயிலயே முப்பது குடும்பம் கெடக்கு. மொதலாளி கஞ்சி ஊத்தறாரு, நான்தான் அண்டாவைக் கிண்டறேன்.

நடந்ததைச் சொல்லணும். புதன்கெழமை சாயங்காலம் வண்டி போனப்புறம் பிளாட்பாரத்துல ஒரு பொண்ணு தனியா நிக்குது. நாலு வயசு இருக்கும். நல்ல பட்டுப் பாவாடை. உன் பேரு இன்னாம்மான்னா, ‘கண்ணு’ங்குது. அப்பா பேரு ‘அப்பா’. எந்தத் தெருன்னா ‘எங்க தெரு’. எறங்கின கூட்டத்துல ஒருத்தருக்கும் அது யாரு புள்ளைன்னு தெரியல. வீட்டுக்கு இட்டாந்தேன். நம்ம பொன்னி நேரா அந்தப் பாவாடையை உள்பக்கமாத் திருப்பிப் பாத்துட்டு, “இதுக்கு ஏம்பா பேர் சீட்டு தெக்கல?”ன்னு கேக்குது.

ஒண்ணரை நாளு. தண்ணிகூட ஒழுங்காக் குடிக்கல அந்தப் புள்ளை. வெள்ளிக்கெழமை காலையில, செங்கல்பட்டுலேர்ந்து ஸ்டேஷன் ஸ்டேஷனா எறங்கித் தேடிக்கினு அம்மாக்காரி வந்து சேந்தா. கூட்டத்துல புள்ளை மாமன் கையில இருக்குன்னு இவ நெனைச்சிருக்கா, அம்மா கையில இருக்குன்னு அவரு. அந்தம்மா என் கால்ல விழப் போச்சி. நான் பின்னால நவுந்துட்டேன். உன் நகம் ஞாபகம் வந்துடுச்சி அக்கா. அப்ப அந்த நாலரை மணி வரைக்கும் நீ எப்படி இருந்திருப்பேன்னு அந்தம்மா மூஞ்சைப் பாத்துத்தான் எனக்குப் புரிஞ்சிது.

குண்டுக்கு பயந்துதான் புள்ளையை இட்டாந்தேன். ஆனா நான் பாய்லர்ல நிக்கிறப்ப இங்க இவளை யாரு எண்றாங்க? ஒருத்தரும் இல்ல. அங்க நீ தெனம் எண்ற. பரீட்சை போச்சின்னு அழுதுக்கினு இருக்குது, தனியா வெச்சிக் குடு.

திங்கக்கெழமை காலைப் பாசஞ்சர்ல நானே கொண்டாந்து, உன் கையில குடுத்து, குடுத்தேன்னு சொல்லிட்டு வர்றேன். பயம் போவல. பயத்தோடதான் விடறேன்.

ராயப்பன்


விழுப்புரம்
23-4-1942

அன்புள்ள அப்பாவுக்கு, அத்தை சொல்லச் சொல்ல பொன்னி எழுதுவது. என் கையெழுத்தைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்று முதலில் எழுதச் சொன்னார்கள். எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். இனிமேல் அத்தை பேசுவது.

தம்பி, நேற்று பள்ளிக்கூடம் எரிந்துவிட்டது. முழுவதும். ஒரு கீற்று மிச்சமில்லை. ஒரு பிள்ளைக்கும் ஒரு சூடுகூட இல்லை! ஒன்றுகூட இல்லைடா! நான் படுக்கையில் கிடந்துகொண்டு கத்துகிறேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

பதினொன்றேகால் மணிக்கு, நீ சொன்னபடியே, வைக்கோல் போர் பிடித்துக்கொண்டது. எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது, வெயில் அப்படி. காற்று எங்கள் பக்கம். விருத்தாசலம் வாத்தியார் தண்டவாளத்தை அடிக்க ஆரம்பித்தார். முதல் அடிக்கே பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். எதிர்ப்பக்க வாசல், ரெண்டு ரெண்டு பேராகக் கை கோர்த்துக்கொண்டு. ஒரு குழந்தை குழிப்பக்கம் திரும்பியது. பொன்னி போய் இழுத்து வந்தாள். கொட்டகை காலியானபோது கூரை ஓரம் புகைய ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான் இடைவெளி.

ஏரிக்கரைக்குப் போனால் ஆலமரத்தடியில் தெருவே நிற்கிறது. நாற்பது ஐம்பது பொம்பளைகள். கண்ணெதிரே கூரை எரிகிறது. ஒருத்தியாவது பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓட வேண்டுமே! முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நிற்கிறார்கள். கோவிந்தம்மாள் ரெண்டு கையையும் விரித்து முன்னால் நிற்கிறாள், “எவளாச்சும் நவுந்தீங்க, மண்டையை ஒடைப்பேன்” என்று. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது. ஆண்பிள்ளைகள் உன் கொக்கியை எடுத்துக்கொண்டு கூரையை இழுத்துப் போடப் போய்விட்டார்கள். வெங்கடாசலம் மணல் கூடை சுமந்தார். அவர் பிடித்த கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தது யார் தெரியுமா, நம் தெருப் பெரியசாமி.

எண்ணினேன். இந்த மாதம் நூற்றுப் பதினாலு. நூற்றுப் பதின்மூன்று இருந்தது.

பெரிய பெண்கள் ஒவ்வொருத்தர் பொறுப்பிலும் பத்துச் சின்னப் பிள்ளைகள். பொன்னி தன் வரிசையை எண்ணிவிட்டு, “அத்தை, அஞ்சலையைக் காணோம்” என்றாள். ஒன்றாம் வகுப்பு அஞ்சலை, மாரியப்பன் மகள். காலையில் கையைத் தூக்கி உள்ளேன் என்று சொன்ன பிள்ளை. பதிவேட்டில் இருக்கிறாள், கரையில் இல்லை, அப்படியானால் எங்கே இருப்பாள்?

(அப்பா, இதை நான் எழுதுகிறேன். நான் அப்படிச் சொன்னதும் அத்தை ஓடிவிட்டார்கள். நான் சொன்னதால்தான் போனார்கள். நான் கத்தினேன், திரும்பிப் பார்க்கவே இல்லை.)

என்ன எழுதுகிறாய், சொன்னதை மட்டும் எழுது என்றேன், கேட்கவில்லை. சரி. உள்ளே போனேன். பெஞ்சுக்குக் கீழே ஒளிந்திருப்பாள் என்று ஒவ்வொரு பெஞ்சாகக் குனிந்து பார்த்தேன். அஞ்சலை, அஞ்சலை என்று கூப்பிட்டேன். புகையில் குரல் வெளியே வரவில்லை. மேலிருந்து எரிகிற கீற்று விழுந்தபோது கையால் தடுத்தேன். அதற்கப்புறம் கோவிந்தம்மாள் முகம்தான் தெரிந்தது. நனைந்த சாக்கை என் மேல் போட்டு, காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போட்டாளாம். நாங்கள் வெளியே வந்து விழுந்ததும் நடு விட்டம் இறங்கியது.

அஞ்சலை உள்ளே இல்லை.

பதினொரு மணிக்கு மாரியப்பன் வந்திருக்கிறார். கெடாரில் தங்கை வீட்டுப் பிள்ளைக்குக் காது குத்து. ஜன்னலில் நின்று கை காட்டிக் கூப்பிட்டிருக்கிறார், பிள்ளையும் எழுந்து போய்விட்டது. நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். “டீச்சரம்மா பாடம் நடத்திக்கினு இருந்தாங்க, நடுவுல பூந்து பேசறது மரியாதை இல்லைன்னு சொல்லாம வந்துட்டேங்க” என்று என் காலடியில் உட்கார்ந்து அழுகிறார். மரியாதைக்காகவாம்! தண்டவாளச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டதும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடி வந்திருக்கிறார், என்னை இழுத்துப் போட்ட நேரத்துக்கு. அந்தப் பிள்ளை கையில் கடலை உருண்டை. என்னைப் பார்த்து, “டீச்சர், உங்க முடி எங்க?” என்று கேட்கிறது.

வலது கை முழங்கை வரைக்கும் வெந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுக் கட்டினார்கள். விரல் மடங்கும், ஆனால் எழுதுவதற்கு நாளாகும் என்கிறார் டாக்டர். இடது கையால் எழுதப் பழகிக்கொள்கிறேன், ஒன்றாம் வகுப்போடு சேர்ந்து.

மாரியப்பனை நான் திட்டவில்லை.

(அத்தை தூங்கிவிட்டார்கள் அப்பா. நீங்கள் வரலாம். ஆனால் என்னைக் கூட்டிக்கொண்டு போக வராதீர்கள். சின்னப் பிள்ளைகளை எண்ண ஆள் வேண்டும்.)


திண்டிவனம்
25-4-42

அக்கா,

உறையில பொன்னி எழுத்தைப் பாத்ததும் பாய்லர் கதவைத் திறந்து போட்டுட்டு அப்படியே உக்காந்துட்டேன். பக்கத்து ஆளு வந்து கதவைச் சாத்தினான். பிரிக்க தைரியம் இல்ல. அவனையே பிரிச்சி மொத வரியைப் படிக்கச் சொன்னேன்.

எல்லாப் புள்ளையும் தப்பிச்சிச்சின்னு படிச்சதும் நான் போட்ட சத்தத்துல மில்லே நின்னு போச்சி. ஒரு கொட்டாயி மொத்தமா எரிஞ்சி ஒரு புள்ளைக்கும் சூடு படலேன்னா, இந்தப் பதினாலு வருசத்துல நான் கேள்விப்பட்டதே இல்ல அக்கா. மொதலாளிகிட்ட போய் நின்னேன். புதுக் கொட்டாய்க்கு ஓடு தர்றேன்னாரு. நூறு ஓடு கேக்கலாம்னு போனேன், தைரியம் வந்து ரெண்டாயிரம்னுட்டேன். சரின்னுட்டாரு!

மாரியப்பனைத் திட்டலேன்னு எழுதியிருந்த. எதுக்குத் திட்டலேன்னு எனக்குத் தெரியும். திட்டறதா இருந்தா மொதல்ல என்னைத் திட்டணும்.

ஒண்ணு சொல்றேன், இதுவரைக்கும் உங்கிட்ட சொன்னதில்ல. அன்னிக்கு நீ கையால குழியைத் தோண்டினியே, அந்த நேரத்துல பொன்னியும் நானும் வர்ற வழியில பேரணி ஸ்டேஷன்ல வெள்ளரிப்பிஞ்சு வாங்கி உப்பு மொளகாத்தூள் தொட்டுத் தின்னுக்கினு இருந்தோம். புள்ளை அழுகையை நிறுத்திட்டு சிரிச்சிதுன்னு எனக்கு ஒரே சந்தோசம். அன்னிக்கு அங்க நெருப்பு வெச்சிருந்தா, நான் வெள்ளரிப்பிஞ்சு தின்னுக்கினு இருக்கிறப்ப நீ பொன்னியைத் தேடி உள்ள போயிருப்ப. போயிருப்பியே!

பொன்னிகிட்ட சொல்லு, அது சொன்னதுல தப்பே இல்லேன்னு. காணோம்னா காணோம்னுதான் சொல்லணும். தப்பு, சொல்லாம தூக்கிக்கினு போறவங்க மேல. மாரியப்பன் மேல, என் மேல.

கையை நனைக்காத. எண்ணெய் கிண்ணெய் எவளாச்சும் கொண்டாந்தா தடவ விடாத. டாக்டர் குடுத்ததை மட்டும் போடு. நெருப்புல வேகறது எனக்குத் தெரியும்.

வியாழக்கெழமை ஒரு நாள் லீவு சொல்லியிருக்கேன்.

ராயப்பன்


விழுப்புரம், ஏரிக்கரை
30-4-42, காலை 11 மணி
(நோட்டுப் புத்தகத்துத் தாள், நாலாக மடித்தது)

டீச்சர் அம்மா சவுரியம்மாள் அவர்களுக்கு,

ஐந்தாம் வகுப்பு பொன்னியின் தகப்பன் ராயப்பன் எழுதிக்கொள்வது.

இன்னியோட லீவு விடறீங்கன்னு கேள்விப்பட்டு வந்தேன். மரத்தடியில பள்ளிக்கூடம் நடக்குது. சுவரும் இல்ல, கேட்டும் இல்ல, ஜன்னலும் இல்ல. எங்க நின்னு கேக்கறதுன்னு தெரியல, அதனால ரோட்டோரம் புளியமரத்துக் கிட்ட நிக்கிறேன். பொன்னி முதுகு இங்கேர்ந்து தெரியுது. பத்து எட்டு வெச்சா தொட்டுடலாம். கூப்பிடல. கை காட்டல. கோவிந்தம்மா அந்தப் பக்கம் போனாங்க, அவங்ககிட்ட இந்தச் சீட்டைக் குடுத்தனுப்பறேன்.

லீவுக்கு என் மகளை எங்கூட அனுப்பி வைக்கணும்னு கேட்டுக்கறேன். உத்தரவு வர்ற வரைக்கும் இங்கியே நிக்கிறேன்.

ராயப்பன்


(அதே தாளின் பின்பக்கம், கோணல் மாணலான பெரிய எழுத்தில்)

கணக்குப் பாடத்தில் இன்னும் ரெண்டு பாக்கி. அங்கேயே நில். முடித்ததும் நானே கையைப் பிடித்துக் கூட்டி வருகிறேன்.